கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு முதலை

"உள்ளே போறதுக்கு முன்னாடி எழுதிட்டுப் போங்கம்மா."

"நான் மழைக்கு ஒதுங்கினேன்ண்ணே. உள்ளே வரல."

"கால் ரெண்டும் உள்ளே இருக்கு, ஆள் மட்டும் வெளியேயா? பேரு, ஊரு, கருத்து. மூணே கட்டம்தான்."

பேரையும் ஊரையும் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"இன்னும் எதையும் பார்க்கலையே, என்னன்னு கருத்து எழுதறது?"

"பார்க்கறதுக்கு முன்னாடியே எழுதிடணும். பார்த்து முடிச்சவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிடறாங்க. அப்புறம் நான் நோட்டைத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடணும். இந்த வயசுல முடியுமா?"

நான் 'நன்று' என்று எழுதினேன். அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஒரே வார்த்தையைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"நன்று. அவ்வளவுதானா?"

"ஆமாண்ணே."

"இருபத்திரண்டு வருஷமா தூசி தட்டறேன். ரெண்டாவது வார்த்தைக்கு எனக்குத் தகுதி இல்லையா?"

"'மிக நன்று'ன்னு மாத்திடவா?"

"வேணாம் வேணாம். கேட்டு வாங்கின 'மிக' யாருக்கு வேணும்? மழை விடற வரைக்கும் உள்ளே உக்காருங்க. யானைக்கு நேரா ஒரு மின்விசிறி இருக்கு."

நான் இரண்டாண்டு மேற்படிப்புக்காகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்த பேச்சு இது. நடந்த இடம் விலங்கியல் துறையின் அருங்காட்சியகம். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். தரைத்தளத்தில் நீளமான ஓர் அறை, அவ்வளவுதான். இரண்டு முனையிலும் கதவு. சுவரோரம் கண்ணாடி அலமாரிகள். அவற்றுக்குள் புட்டிகளில் ஊறிக்கொண்டிருக்கும் பாம்புகளும் தவளைகளும், என்னவென்று அவருக்கே தெரியாத சிலவும். ஒரு குதிரையின் எலும்புக்கூடு, ஒரு யானையின் மண்டையோடு, நடுவில் பெரிய மேசைமேல் வாயைப் பிளந்தபடி பாடம் செய்த முதலை. இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் உதவியாளரைத்தான் பல்கலைக்கழகம் முழுவதும் 'முதலை அண்ணன்' என்று கூப்பிட்டது.

அந்தப் பெயரை அவர் பட்டம் போலச் சுமந்தார். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள். மூர்க்கத்துக்கும் அவருக்கும் வெகுதூரம். ஆனால் பார்க்க வந்த ஒருவர் அகப்பட்டுவிட்டால், கடைசிப் புட்டி வரை காட்டாமல் விடமாட்டார். வருகிறவர்களுக்கு ஏற்றபடி கதையும் மாறும். சின்னப் பிள்ளைகள் வந்தால் அது ராஜாவின் குதிரை. வயதானவர்கள் வந்தால் வண்டி இழுத்து இழுத்து முட்டி தேய்ந்த குதிரை. பேராசிரியர்கள் வந்தால் மட்டும், "குதிரை. பெண். வயசு பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்.

முதலையிடம் வந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "இதுல ஒரு பல்லு இதோடது இல்ல. சாக்கட்டியைச் சீவி நான் வச்சது. எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்." இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை என்பது அவர் கணக்கு. சொன்னவர்களிடம் அவர் உண்மையை ஒப்புக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

விடுதியில் என் அறைத்தோழிகள் இருவரும் பேச்சில் ராணிகள். நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிகள் காலை ஒன்பதுக்கே நிரம்பிவிடும். ஆகவே மழை விட்ட பிறகும் நான் யானைக்கு நேரே இருந்த அந்த ஸ்டூலை விடவில்லை. தினமும் மதியம் போவேன், நோட்டில் கையெழுத்துப் போடுவேன், கருத்துக் கட்டத்தில் மேற்படி என்று இரண்டு புள்ளி வைப்பேன், புத்தகத்தைத் திறப்பேன். அவர் துடைப்பார், புட்டிகளில் மருந்து குறைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பாம்புகளிடம் ஏதோ சொல்வார்.

அவர் மனைவி எதிரே இருந்த உணவகத்தில் தேநீர் போடுகிறவர். நான்கு மணிக்கு இரண்டு குவளையோடு வந்து வாசலிலேயே நிற்பார், உள்ளே வரமாட்டார்.

"என்னங்க, அந்தக் குதிரையை மூணு தடவை துடைச்சாச்சு. வீட்டுல ஒரு அலமாரி இருக்கே, அதைத் தொட்டிருக்கீங்களா?"

"வீட்டு அலமாரியைப் பார்க்க யாரு வர்றாங்க?"

"இங்க மட்டும் யாரு வர்றாங்க? இந்தப் பொண்ணு ஒண்ணு. இதுக்குத் தமிழு, இங்கிலீஷுன்னு ரெண்டு பாஷை தெரியுமாம். ரெண்டுலயும் பேசாது."

அதற்கும் நான் சிரித்ததோடு சரி.

என் இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் துறைத் தலைவர் அம்மா கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். இடம் போதவில்லை என்று பல்கலைக்கழகம் அறைகளைக் கணக்கெடுக்கிறதாம். பொதுமக்கள் பார்க்கும் இடம் என்றால் ஆண்டுக்கு ஆயிரம் பேராவது வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அறை கணினிக் கூடமாகிவிடும். மூன்று பேர் கொண்ட குழு நோட்டைப் பார்த்து முடிவு செய்யும். முதலையும் குதிரையும் கிடங்குக்குப் போகும். அண்ணன் தேர்வுப் பிரிவுக்குப் போய் விடைத்தாள் உறைகளுக்குப் பசை தடவ வேண்டியதுதான்.

"இந்த வருஷம் இதுவரைக்கும் எத்தனை பேர்?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"நானூத்திப் பதினொண்ணு. அதுல எழுபது இந்தப் பொண்ணு."

அவர் போன பிறகு அண்ணன் யானை மண்டையோட்டைத் தட்டிக்கொடுத்தார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுன்னாங்க. இது செத்ததுக்கப்புறமும் ஆயிரம் பேரைக் கொண்டாரணுமாம்" என்றார். பிறகு மெதுவாக, "பசை வாசனை எனக்கு ஒத்துக்காதும்மா" என்றார். இருபத்து மூன்று வருடமாகப் புட்டி மருந்தை முகர்ந்தவர் சொன்னதால் நான் சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வேட்டை ஆரம்பமானது. தபால்காரர் உள்ளே இழுக்கப்பட்டார். ஏணியோடு வந்த மின்பணியாளர், ஏணியை வெளியே சாத்திவிட்டுத் தவளைகளைப் பார்த்தார். கட்டண அலுவலகத்துக்கு வழி கேட்டவர்களுக்கெல்லாம் குதிரையைச் சுற்றிக்கொண்டு வழி சொல்லப்பட்டது. இத்தனை செய்தும் ஐந்நூறைத் தாண்டவில்லை.

அப்போதுதான் மாணவர் சேர்க்கை வந்தது. பிள்ளைகளைச் சேர்க்க வந்த அப்பாக்களும் அம்மாக்களும் சித்திகளும் மாமாக்களும் பெட்டியும் பையுமாக வளாகம் முழுக்க அலைந்தார்கள். அத்தனை பேருக்கும் பொதுவான கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதை அண்ணன் கவனித்தார். அருங்காட்சியகத்தின் பின்கதவைத் திறந்தால் ஒரு நடை. நடையின் கோடியில் கழிப்பறை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனாலும் அதே இடம்தான் வரும். மறுநாள் காலை முன்வாசலில் ஓர் அட்டை தொங்கியது. 'கழிப்பறைக்கு வழி' என்று எழுதி, முதலையை நோக்கி ஓர் அம்புக்குறி.

"பொய் சொல்றோமேண்ணே" என்றேன். எனக்கு அது பெரிய பேச்சு.

"எது பொய்? இந்தப் பக்கமும் போகலாம்தானே? வழியில ஒரு முதலை இருக்கு, அவ்வளவுதான்."

கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. இங்கேதான் அவர் ஒரு தப்புச் செய்தார். அவசரமாகப் போகிறவரை நிறுத்திக் கருத்துக் கேட்பது பாவம் என்று இரக்கப்பட்டு, இருபத்து மூன்று வருட வழக்கத்தை மாற்றினார். "போயிட்டு வந்து எழுதுங்க, சாவகாசமா." ஒன்றரை மாதத்தில் எண்ணிக்கை ஆயிரத்து முப்பதைத் தொட்டது. அன்றைக்கு அவர் வாங்கித் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டே நான் நோட்டைப் புரட்டினேன்.

'தண்ணீர் நன்றாக வருகிறது.'

'தாழ்ப்பாள் சரியில்லை.'

'முதலை அருமை. தாழ்ப்பாளும் பரவாயில்லை.'

'முதலையைப் பார்த்ததும் வந்த அவசரமே மறந்துவிட்டது.'

'வாளி ஒன்று தேவை.'

பக்கம் பக்கமாக இப்படியே. அண்ணன் எட்டிப் பார்த்தார். அதுவரை எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர், அப்போதுதான் கருத்துகளைப் படித்தார். தேநீர் அப்படியே ஆறியது.

"குழு வர்றதுக்குள்ள நீங்களே நாலு பக்கம் எழுதிடுங்களேன், வேற வேற பேனாவுல" என்றார் அவர் மனைவி. கிண்டலாக இல்லை, உண்மையாகவே.

"இந்த நோட்டுல என் கையெழுத்து ஒரு எழுத்து கிடையாது. இனிமேலும் கிடையாது."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன். அட்டையை மட்டும் யாரு எழுதினது?"

"அது வாசல்ல. இது நோட்டு."

குழு வருகிற அன்று என்னை அரைமணி முன்னதாகவே வரச் சொல்லியிருந்தார். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். அதான் உங்களுக்கு நல்லா வருமே. சும்மா அறிவாளி மாதிரி உக்காந்திருங்க." ஸ்டூலில் உட்கார்ந்தேன். குழுவின் தலைவர் வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் அம்மா. கூட வந்த இருவரும் அறையை அளக்க நாடாவோடு வந்திருந்தார்கள். அந்த அம்மா நின்றபடியே நோட்டைத் திறந்து, உரக்கப் படித்தார். 'தாழ்ப்பாள் சரியில்லை' வரும்வரை அவர் முகம் மாறவில்லை. 'வாளி ஒன்று தேவை'யில் நாடா பிடித்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். துறைத் தலைவர் கூரையைப் பார்த்தார்.

"இந்தப் பக்கங்கள்ல அருங்காட்சியகத்தைப் பத்தி யாருமே ஒழுங்கா எதுவும் எழுதலையா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அண்ணனின் கைகள் பழக்கத்தில் முதலையின் பக்கம் போயின. "இதுல ஒரு பல்லு இதோடது இல்லைங்க" என்றார், சின்னக் குரலில். "எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அந்த அம்மா குனிந்தார். கைப்பேசி விளக்கைப் போட்டார். ஒரு பல்லைக் காட்டினார். அண்ணன் தலையை ஆட்டினார். இன்னொன்று, அதுவும் இல்லை. நாடாவைக் கீழே வைத்துவிட்டு மற்ற இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு பல்லுக்குப் பரிந்து பேசினார்கள். அங்கிருந்து குதிரை, குதிரையிலிருந்து யானை. நாற்பது நிமிடம். அந்த அம்மாவுக்கு எந்தக் கதையைச் சொல்வது என்று அண்ணனுக்குப் பிடிபடவில்லை போலும். உள்ளதை உள்ளபடி சொன்னார். அதுதான் நன்றாக இருந்தது.

புறப்படும்போது அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க தினம் வர்றவங்க போல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, எந்தப் பல்லு?"

எனக்குத் தெரியவில்லை. பல் மட்டுமல்ல, அந்த முதலையின் வால் எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. ஒரு வருடத்துக்கும் மேலாக நான் அங்கே பார்த்தது மின்விசிறியை மட்டும்தான். கழிப்பறைக்குப் போனவர்களாவது முதலையைக் கண்டு பயந்தார்கள்.

"அது படிக்க வர்ற பொண்ணுங்க" என்று அண்ணன் முந்திக்கொண்டார். "அதைத் தொந்தரவு பண்ண வேணாம்."

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. அறைக்கு அடுத்த கல்வியாண்டு முடியும்வரை தவணை. ஆனால் அட்டையை எடுத்துவிட வேண்டும். அந்த ஆண்டுக்குப் புது நோட்டுப் போட வேண்டும். பார்க்கவென்றே வருகிறவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள்; ஆயிரம் என்பது ஆயிரம்தான். தாழ்ப்பாளை மட்டும் மறுநாளே மாற்றிவிட்டார்கள்.

கடைசித் தேர்வு முடிந்து, பெட்டியோடு விடைபெறப் போனேன். அட்டை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. புது நோட்டில் கோடு போட்டு முடித்திருந்தார். முதல் பக்கம் காலியாக இருந்தது.

"வர்றவங்க முதல்ல இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. நீங்கதான் எழுதணும். ரெண்டு பாஷையிலயும்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இப்ப இல்ல. வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலுக்குண்ணே."

"அப்ப நேரம் கிடக்கு. பெட்டியை இங்கே வச்சிட்டு, ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துட்டு வாங்க. மின்விசிறியை நான் நிறுத்திடறேன். பார்த்துட்டு, உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க. ஒரு வார்த்தைக்கு மேல எழுதுங்க. ஒருவேளை அந்தப் பல்லைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா, அதை மட்டும் நோட்டுல எழுதிடாதீங்கம்மா. இன்னும் ஒரு வருஷம் அதை வச்சுத்தான் ஓட்டணும்."