தோள்பட்டையில் ஒரு நீலக் கை

மூன்று நாள் மல்லுக்கட்டினாள் வெள்ளையக்கா. முதல் நாள் ஸ்பிரிட். மறுநாள் எலுமிச்சையும் உப்பும். மூன்றாம் நாள் பாலில் ஊறப்போட்டு, அலசி, கட்டடத்தின் பின்பக்கம் வெயிலில் விரித்தாள். மாலையில் எடுத்துப் பார்த்தபோது, அந்த ராணுவச் சட்டையின் தோளில் நீல மைக்கறை இருந்த சுவடே இல்லை. தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். டாக்டர்களின் கோட்டுப் பையில் பேனா கசிந்தால் கோட்டு நேராக அவளிடம்தான் வரும். தொட்டதெல்லாம் வெளுக்கும் என்பதால் வந்த பேர்தான் வெள்ளையக்கா. "எல்லாத்தையும் வெளுத்தேன், தலைமுடி மட்டும் அடம் பிடிச்சுது. இப்ப அதுவும் வழிக்கு வந்துடுச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சலவைக்கூடத்தை மெஷின்கள் எடுத்துக்கொண்ட பிறகு, தம்பி வீட்டில் இருந்துகொண்டு, போர் அருங்காட்சியகத்துத் தையலறைக்கு வந்து சேர்ந்தாள். அதுவும் ஆயிற்று நான்கு வருஷம்.

தையலறையில் இரண்டு கம்பிகள். இடப்பக்கக் கம்பியில் நகல் சட்டைகள். கூடத்தில் நிற்கும் பொம்மைச் சிப்பாய்களுக்காக அவளே தைத்தவை. துவைக்கலாம், தேய்க்கலாம், கிழிந்தால் ஒட்டுப் போடலாம். வலப்பக்கக் கம்பியில் அசல்கள். போரில் போனவர்களின் குடும்பங்கள் கொடுத்தவை. ஒவ்வொன்றின் மேல் பொத்தானிலும் எண் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். அவற்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. தூசி, ரத்தம், சேறு, எது இருந்தாலும் இருந்தபடி.

நீலக் கறைச் சட்டை இடப்பக்கக் கம்பியில் தொங்கியது. சீட்டும் இல்லை.

நான்காம் நாள் காலை மேஜர் வந்தார். ராணுவத்தில் சாமான் கிடங்கு பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். இங்கே பொறுப்பாளர் ஆனதும் ஊரே சேர்ந்து 'மேஜர்' என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டது.

"அக்கா, தோள்ல ஒரு குழந்தையோட கை பதிஞ்சிருக்குமே, அந்தச் சட்டை எங்க? கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்."

"கையா?"

"ஆமா. இந்தக் கடிதம் இப்பதான் ஃபைல்ல அகப்பட்டுது. கேளுங்க."

நின்றபடியே படித்தார். எழுதியவர் ஒரு சிப்பாயின் மனைவி. லீவு முடிந்து கணவர் கிளம்பிய காலை, இரண்டு வயது மகள் மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையோடு அப்பாவின் தோளைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேறு போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வந்து துவைத்துக்கொள்கிறேன் என்றாராம். வரவில்லை. முப்பத்தொரு வருஷம் சட்டை அப்படியே இருந்திருக்கிறது.

வெள்ளையக்கா சட்டையை எடுத்து மேஜை மேல் விரித்தாள். மேஜர் தோளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சீட்டு இல்ல சார்."

"இல்லதான். அவசரத்துல இந்தப் பக்கம் மாட்டினது நான்தான்."

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் வேறொரு வார்த்தை இருந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

"நாளன்னிக்குப் புதுக் காட்சிக்கூடத் திறப்பு விழா. நாளைக்கே அந்தம்மாவும் பொண்ணும் பாக்க வராங்க." மேஜர் குரலைத் தணித்தார். "உங்க தம்பிக்குச் சின்னக் குழந்தை இருக்குல்ல?"

என்ன சொல்ல வருகிறார் என்பது உடனே புரிந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது "சரி சார்".

மதியம் தம்பி மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தம்பி மனைவி வாசலில் மறித்தாள். "எங்க அண்ணி கடத்திட்டுப் போறீங்க? பொம்மையோட பொம்மையா நிறுத்தி வைக்கவா?"

"சும்மா காத்தாட."

பொய் அவ்வளவு சரளமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று நாள் வெறும் கறையாக முறைத்துப் பார்த்தது, இப்போது நினைத்தால் கை. மூன்று விரல் தெளிவாக, கட்டைவிரல் இழுபட்டு, உள்ளங்கை பாதிதான் என்று ஒவ்வொரு இழையும் மனப்பாடம். குழந்தையின் கையை மையில் தோய்த்துப் பழந்துணியில் இரண்டு தடவை பழக்கிவிட்டு, சட்டையின் தோளில் வைத்து அழுத்தி, கொஞ்சம் இழுத்தாள். பிசகாமல் விழுந்தது. குழந்தைக்கு ஒரே கொண்டாட்டம். "அத்தை, இன்னும்! இன்னும்!" என்று கையைத் தட்டியது. தேயிலைச் சாற்றைத் தொட்டுத் தொட்டு மையைப் பழசாக்கினாள். பிறகு அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. மகள் முப்பது தாண்டியவள், கையில் ஹெல்மெட்டோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்கள். மகள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"இவ்ளோ சின்னதாவா இருந்தேன்?"

"இதவிடச் சின்னதா இருந்த" என்றாள் அம்மா. மேஜர் பக்கம் திரும்பி, "வீட்டுல வச்சா பூச்சி அரிச்சிடும்னு பயந்துதான் சார் குடுத்தேன். ஒரு வருஷம் யோசிச்சேன். அப்படியே வச்சிருக்கீங்க" என்றாள்.

"துணியெல்லாம் பாத்துக்கறது இவங்கதான்" என்று மேஜர் வெள்ளையக்காவைக் காட்டினார். ஏன் காட்டினாரோ.

அந்த அம்மா வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்பீங்க."

வெள்ளையக்கா கையை உருவிக்கொண்டாள். "அது உங்க பொண்ணு கை இல்லீங்க."

"அக்கா!" என்றார் மேஜர்.

"உங்க பொண்ணு கைய நான் கழுவிட்டேன். இது என் தம்பி மக கை. முந்தாநேத்து... இல்ல, நேத்து வச்சது."

மேஜர் முந்திக்கொண்டார். "தப்பு என்னோடதுங்க. நகலோட மாட்டிட்டேன். அவங்களுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் வெள்ளையக்கா. "பொத்தானப் பாத்ததுமே தெரியும். நான் நூல இணையாப் போடுவேன். அதுல குறுக்காப் போட்டிருந்துச்சு. என் தையல் இல்ல, அசல்னு தெரிஞ்சுதான் ஊறப்போட்டேன். அந்தக் கறைய என்னால எடுக்க முடியுமான்னு பாக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

"அந்தப் பொத்தான் நான் தச்சது" என்றாள் அந்த அம்மா.

மகள்தான் வெடித்தாள். "ஏங்க சொன்னீங்க? இன்னும் பத்து நிமிஷத்துல போயிருப்போம். சந்தோஷமாப் போயிருப்போம்ல?"



"குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டு."

"அத எதுக்கு இதுல இழுத்தீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த அம்மா குரலைக்கூட உயர்த்தவில்லை. "பெட்டியத் தெறந்து அத எடுங்க. அந்தக் கையக் கழுவிக் குடுங்க. நான் பாக்கணும்."

தையலறைத் தொட்டியில் கழுவினாள். பக்கத்தில் அம்மாவும் மகளும் நின்றார்கள். நேற்று வைத்த மை, பழசைப் போல முரண்டு பிடிக்கவில்லை. ஸ்பிரிட் பட்டதும் விரல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு கறை போகாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீலத் தண்ணீர் ஓடிப் போனது.

காய வேண்டுமே. மேஜர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். கொடியில் போட்டு மின்விசிறியைத் திருப்பிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் பிடித்தது. மகள் மட்டும் ஒருமுறை எழுந்து போய்ச் சட்டையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

காய்ந்ததும் வெள்ளையக்கா எடுத்து மேஜையில் போட்டுக் காலரை நீவினாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவள் கை தன்னால் சட்டைக் கையை மடக்கப் போனது.

"வேண்டாம். குடுங்க, நானே மடிச்சுக்கறேன்."

வெள்ளையக்கா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அந்த அம்மாவுக்கு மடிப்புச் சரியாக வரவில்லை. ஒரு பக்கம் காலர் துருத்திக்கொண்டு நின்றது. அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல் வரை வரவா என்று வெள்ளையக்கா கேட்டதற்கு, வழி தெரியும் என்று மகள் சொன்னாள்.