தம்பியின் தூணில் நான் ஏற்றிய விளக்கு

என் தம்பியின் நினைவுத் தூணில் அவன் மனைவி விளக்கேற்ற விடாமல் தடுத்தவள் நான். ஊர் தடுக்கவில்லை. சாமி தடுக்கவில்லை. நான்!

கோணல்மாணலாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னது பின்னதாக மறந்தும் போகிறது. செய்தது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது…

தம்பி முருகேசன் கார்கில் சண்டையில் செத்தான். அம்மா இல்லாத பிள்ளை. என் இடுப்பில் வளர்ந்தவன். கல்யாணமாகி இரண்டே தடவைதான் லீவில் வந்தான். முதல் தடவை பெண்டாட்டி செல்விக்குக் கம்பளிச் சால்வை, எனக்கு ஒரு பொட்டலம் உலர்ந்த திராட்சை. இந்தத் தூத்துக்குடி வெயிலில் சால்வையை எங்கே போர்த்துவாள் என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பா அது?

பெட்டி வந்தது. மேலே போர்த்தியிருந்த கொடியை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். அதிகாரி அவளுக்கு சல்யூட் அடித்தார். பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோறூட்டியது யார்? காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது யார்? வீரரின் மனைவி என்றார்கள். வீரரின் அக்காள் என்று ஒரு வாய் சொல்லவில்லையே!

மறு வருடம் கடைக்காரர்கள் சேர்ந்து துறைமுகச் சாலை முக்கில் தூண் கட்டினார்கள். முன்னின்று செய்த பலசரக்குக் கடை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார்.

"ஏளா, திறப்புக்குச் செல்வியைக் கூட்டிட்டு வந்துரு. அவ கையாலதான் விளக்கு ஏத்தணும்."

ஆண்கள் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்றைக்குத் திறந்தேன்.

"எங்க குடும்பத்துல அது ஆகாது அண்ணாச்சி. தாலியறுத்தவ விளக்கத் தொடக்கூடாது. சுமங்கலிதான் ஏத்தணும்."

"அவ புருஷனுக்குத்தானளா ஏத்துதா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப நீயே ஏத்திரு."

பொய்! எங்கள் வீட்டில் அப்படி வழக்கமே கிடையாது. எங்கள் அத்தை தாலியறுத்த பிறகும் அவள்தான் அந்திவிளக்கு ஏற்றினாள்.

செல்வியிடம் வேறு பொய். "ஊர்ல உன்னய வரவேண்டாங்காவ."

"பின்னால நின்னு பாத்தாப் போதும் மைனி."

"பின்னால நின்னா மட்டும் ஊரு கண்ணுக்குத் தெரியாதாக்கும்?"

அவள் ஓட்டப்பிடாரத்துக்கு, அப்பா வீட்டுக்கே போய்விட்டாள். நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். மைக்கில் 'வீரரின் அக்காள்' என்றார்கள். உடம்பெல்லாம் கூசியது… இனிக்கவும் செய்தது! வருடா வருடம் அவன் நினைவு நாளில் நானே ஏற்றினேன்; இனித்தது.

போன வருடம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். சங்குச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்கிய மனிதர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. என் கழுத்தும் வெறுங்கழுத்தாயிற்று. தம்பியின் நாள் வந்தபோது அண்ணாச்சியிடம் சொல்லியனுப்பினேன், இனி நான் ஏற்றக்கூடாது என்று. கம்பை ஊன்றிக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

"கோட்டிக்காரி! அந்த வழக்கமெல்லாம் இப்ப யாரு பாக்கா? நீயே ஏத்துளா."

அப்படியென்றால் செல்வியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை! நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். தலையை ஆட்டினேன்.

ஏற்றினேன். திரும்பினால்… ரோட்டுக்கு அந்தப்புறம், லாரிகளுக்கு நடுவில் செல்வி! தலை நரைத்திருந்தது. இலையில் கட்டிய பிச்சிப்பூ கையில். என் வெறும் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், எரிகிற விளக்கைப் பார்த்தாள். எல்லோரும் கலைந்த பிறகு கிட்டே வந்தாள்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் ஆகாதோ மைனி?"

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் பூவை என் கையில் வைத்தாள். "நீங்களே போட்டுருங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அந்தப் பூவை என்ன செய்தேன் தெரியுமா உங்களுக்கு? தூணில் வைத்தேன். ஆனால், தூணுக்கு நான் போட்டிருந்த மாலையைத் தூக்கி அதன் அடியில், யார் கண்ணிலும் படாதபடி வைத்தேன்! இந்த வயதிலும் கை அதைத்தான் செய்தது. என்ன பிறவி நான்?

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அடுத்த வருடமும் நாற்காலி போடுவார்கள். கால் அதைத் தேடித்தான் போகும் என்று பயமாக இருக்கிறது.

இதில் எது சரி, எது பிசகு என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். இத்தனை வருடமும் அவள் வந்து ரோட்டுக்கு அந்தப்புறம் நின்றாளா, அன்றைக்கு மட்டும்தானா… எனக்குத் தெரியவில்லை. செல்விக்குத் தெரியும். நீங்கள் கேட்டுத் திருத்திவிடுங்கள். எனக்குக் கேட்க வாய் இல்லை.