சிவப்புக் கிரையான்

எங்கள் அண்ணன் போய் வருடம் திரும்பிவிட்டது. திதிக்கு வந்து இந்த நினைவுப் புத்தகத்தைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நட்புக்கும் தங்கை எழுதுவது. ஆறாவதோடு நின்றவள் நான். எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது முகையூர் பக்கம். அப்பா போனபோது அவருக்குப் பதினாறு வயது. அன்று முதல் நிலத்தைப் பார்த்தார், பிறகு வண்டி ஓட்டினார். திண்டிவனத்துக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவந்தே என்னைக் கட்டிக்கொடுத்தார். அண்ணி காலமான பிறகு தனியாகவே இருந்தார். தன் வலியை யாரிடமும் சொல்லிப் பழகாதவர். வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் "ஒண்ணுமில்ல, போ" என்பதுதான் பதில்.

சிகிச்சைக்காகத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். என் மகளுக்கு அப்போது நாலு வயது. பள்ளி விட்டு வந்ததும் மாமாவும் மருமகளும் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஒரு ஆளை வரைவார். "மாமா, இன்னிக்கு எங்க வலிக்குது?" என்று அவள் கேட்பாள். அவர் காட்டும் இடத்தில் சிவப்புக் கிரையானைத் தேய்ப்பாள். எங்களிடம் சொல்லாததை அவளிடம் சொன்னார். அவர்கள் எழுந்த பிறகு நான் திருட்டுத்தனமாகத் தாளை எடுத்துப் பார்ப்பேன். நாளுக்கு நாள் சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்குச் சோறு இறங்காது.

ஆபரேஷனுக்கு விழுப்புரம் கிளம்புவதற்கு முந்தின நாள் படத்தில் தலை முழுக்கக் கறுப்பு. போகிற நேரத்தில் இப்படி ஒரு சகுனமா என்று தாளைச் சுருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

காலையில் ஆட்டோ வந்து நிற்கிறது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே, "நேத்து படம் எங்க? அத்த எடுத்துக்கினு போகணும்" என்றார்.

"காத்துல எங்கியோ போயிடுச்சுண்ணா."

"பொய்யி! அம்மா அடுப்புல போட்டாங்க" என்றாள் மகள்.

அண்ணன் என்னையே பார்த்தார். அழுதுவிட்டேன். "தலையெல்லாம் கறுப்பா இருந்துச்சுண்ணா. பயமாயிடுச்சு."

"அடி பைத்தியம்! மருந்துல கொட்டிப்போன முடிய எம்மருமவ திருப்பி வச்சிக்கினு இருந்தா. நீ மறுபடியும் மொட்டை போட்டுட்டியா? உக்காரு, நீயே வை."

வேறொரு தாளில் ஆளை வரைந்தார். மகள் கறுப்புக் கிரையானை என் கையில் திணித்தாள். வாசலில் ஹாரன் அடித்தது.

"ஜல்தியா வைம்மா. எனக்கு ஆபரேஷன் இருக்குது" என்று அண்ணன் சிரித்தார். எழுதுவதை விட்டு இருபது வருடமாயிற்று; முடி கோணல்மாணலாக வந்தது. காதுப் பக்கம் வைக்கவில்லை என்று மகள் திட்டினாள். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சிவப்புக் கிரையானையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தார். பிழைத்துவிட்டார் என்றிருந்தேன். நாலாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் போய்விட்டார்.

அவருடைய சட்டையை நர்ஸம்மா மடித்துக் கொடுத்தார். பையில் தாள் இருந்தது. நான் முடி வைத்த ஆளுக்குப் பக்கத்தில் அண்ணன் இன்னொரு ஆளை வரைந்திருந்தார். புடவை, பயந்த பெரிய கண். நான்தான். அவர் வயிற்றில் சிவப்பு இல்லை. என் வயிற்றில் இருந்தது. எனக்குச் சோறு இறங்காததை அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ரத்தம் கொடுத்த முகையூர்ப் பிள்ளைகளுக்கும், ஆறு நாளும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், அந்த நர்ஸம்மாவுக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்தப் படத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறோம்.

மகள் இப்போது என்னிடம் தாளைக் கொண்டுவருகிறாள். "அம்மா, இன்னிக்கு எங்க வலிக்குது?" ஒண்ணுமில்ல என்று சொல்லத்தான் வாய் வருகிறது. சொல்வதில்லை. இடத்தைக் காட்டுகிறேன்.