கடித்துப் பார்த்த பட்டாணி

இந்த ஊரில் வெயில் இல்லாமலே காயவைக்கிறார்கள். வெளியே மழை தூறிக்கொண்டே இருக்கும். உள்ளே சன்னல் இல்லாத ஓர் அறை. குளிரும். ஆனால் காற்றில் ஈரம் இருக்காது. கொஞ்ச நேரம் நின்றால் உதடு வெடிக்கும். அந்தக் குளிரில்தான் விதை காய்கிறது. தட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சில்லென்று இருப்பது எப்படிக் காய்ந்திருக்கும்? முதல் வாரம் எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். திண்டிவனத்துக்கும் ஓமந்தூருக்கும் நடுவில் ஊர். கணவர் ஜெர்மனியில் ஓர் இந்திய ஓட்டலில் சமையல் செய்கிறார். அவரிடம் வந்து சேர்ந்தேன். வேலைக்கு எழுதிப்போட்டதில், விதை ஆராய்ச்சி செய்யும் இடத்தில் மூன்று மாதம் ‘ப்ராக்டிகும்’ கொடுத்தார்கள். நாம் வேலை பழக வேண்டும், அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். பிடித்தால் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் வந்தால்தான் நிரந்தர வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருந்தால்தான் மகள் யாழினிக்கு விசா கேட்க முடியும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவள் ஊரில் என் அம்மாவோடு இருக்கிறாள். ஒன்பது வயது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கடிதம் வருமா வராதா என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும்.

என் மேலதிகாரி காத்ரின். என்னைவிடச் சின்னவள். விதை எவ்வளவு காய்ந்தால் பிழைக்கும், எதற்கு மேல் காய்ந்தால் செத்துப்போகும் என்று பார்க்கிறாள். பட்டாணியை ஊறவைத்து, மறுபடி காயவைத்து, பிறகு ஈரம் காட்டி எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவாள். உறைக்கு ஐம்பது. எண்ணிப் போடுவதும் தட்டு கழுவுவதும் என் வேலை.

இரண்டாம் மாதம் பன்னிரண்டு உறைகளை அறையிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். எடுத்தேன். என்னை அறியாமல் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டாணியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டேன். காய்ந்ததா என்று பார்க்க எங்களுக்குப் பல்தான். ‘டக்’கென்று உடைய வேண்டும். பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் துப்பினேன். சாயங்காலம் கூடையைக் கொட்டியதும் நான்தான்.

மறுநாள் காத்ரின் எண்ணினாள். நாற்பத்தொன்பது. அடுத்த உறையிலும் நாற்பத்தொன்பது. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “நான்” என்று சொல்லி என் பல்லைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் முகம் மாறியது. கோபம் இல்லை. அதைவிட மோசம். குரலைத் தாழ்த்தி, “ஹுங்கர்?” என்றாள். பசியா என்று கேட்கிறாள்.

“நைன், நைன்”, இல்லை இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் என் மேசைமேல் காகிதப் பையில் இரண்டு ரொட்டி இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

எங்களுக்கு நிலம் கிடையாது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் அம்மாவோடு நானும் கூலிக்குப் போவேன். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது நிலத்துக்காரர் வீட்டம்மா களத்து ஓரத்தில் நிற்பாள். “வாயத் தொற” என்பாள். ஒவ்வொருத்தியாகத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். அதே வீட்டம்மா, விதை மல்லாட்டையை மூட்டை கட்டுவதற்கு முன்னால் என் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். “கடிச்சுப் பாருடி, காஞ்சிருக்குதா?” அம்மா கடிப்பாள். எல்லோரும் பார்க்கத் தள்ளித் துப்புவாள். “இன்னும் ஒரு வெயில் வைக்கணுங்க.” அவள் சொன்னால் சொன்னதுதான். வைப்பார்கள்.

ரொட்டி விஷயத்தைக் கணவரிடம் சொன்னேன். சிரித்தார்.

“ஓட்டல்காரன் பொண்டாட்டி பட்டாணி துன்னு மாட்டிக்கினான்னா என் மானம் இன்னாத்துக்கு ஆவறது?”

“வெளையாடாதய்யா. புள்ள வர்றது இதுலதான் நிக்குது.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அப்போ போய் சொல்லு. ஜல்தியா சொல்லு. நாளாச்சுன்னா திருடின்னே முடிவு பண்ணிக்குவாங்க.”

மறுநாள் காலையில் ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு காத்ரின் முன்னால் போய் நின்றேன். எனக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியாது. பையை அவள் மேசையில் வைத்தேன். வீணென்று ஒதுக்கிய பட்டாணியில் ஒன்றை எடுத்தேன். கடித்தேன். வெள்ளைத் தாளில் துப்பி, அவள் பக்கம் தள்ளினேன். “சாப்பிடவில்லை. காய்ந்ததா, பார்க்கிறேன்” என்றேன்.

காத்ரின் தாளையே பார்த்தாள். அவளும் ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். நோட்டில் பன்னிரண்டு உறைக்கும் எதிரே ஏதோ எழுதினாள். மருந்து தொட்ட விதையும் இங்கே இருக்கும், செத்துப்போவாய், இனிமேல் கடிக்காதே என்று கையாலும் சொன்னாள். ரொட்டிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அதைப் பற்றிப் பேச்சில்லை. அந்த மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. கடைசி நாளில் கடிதம் கொடுத்தாள். வேலை உண்டு. ஒரு நிபந்தனை, விதை அறைக்குள் நான் முகமூடி போட வேண்டும். மற்றவர்களுக்கு இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததெல்லாம் அன்றுதான் சொன்னேன். யாழினி பின்னால், “நான் எப்போ வர்றது, எப்போ வர்றது” என்று குதித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை அதட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“துப்பிட்ட இல்ல?”

“துப்பிட்டேம்மா.”

“அவங்க பாக்கத் துப்பினியா?”

“மொதல்ல இல்ல. அப்பறமா பாக்கத் துப்பினேன்.”

“அப்போ சரி” என்றாள்.

விசா கேட்டு எழுதிப்போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. நான் தினமும் முகமூடியை மாட்டிக்கொண்டு அறைக்குள் போகிறேன். கை ஜெர்மனில் ஐம்பது வரை எண்ணி உறையில் போடுகிறது. முகமூடிக்குள் என் பல் வெறும் வாயை மென்று பார்த்துக்கொள்கிறது.