கோழியின் தலையில் ஒரு சுழி

உகாண்டாவில் மழை தொடங்குவதற்குள் புத்தகம் போய்ச் சேர வேண்டும். அந்த ஆர்டர் வந்த நாளிலிருந்து எனக்கு வேறு கவலையே இல்லை. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது என் வேலை. காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. வெளிநாட்டுப் புத்தகம் எனக்கு அதுதான் முதல்.

ஆர்டர் கொடுத்தவள் அந்த நாட்டுக்காரி, முப்பதைத் தொடாத பெண். அவளும் இரண்டு சிநேகிதிகளும் சேர்ந்து ஒரு செயலி செய்திருந்தார்கள். மரவள்ளி இலையைப் போனில் படம் எடுத்தால், செடிக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே வாய்விட்டுச் சொல்லும். அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் பேச்சைப் பதிவு செய்து போனுக்குப் பழக்கியிருந்தார்கள். எங்களிடம் கேட்டது, எழுத்துத் தெரியாதவர்களுக்கான படப் புத்தகம். பக்க எண்ணுக்குப் பதிலாக மூலையில் கோழி, பானை, மண்வெட்டி என்று சின்னச் சின்னப் படங்கள். போனை அந்தப் படத்துக்கு நேராகக் காட்டினால் அந்தப் பக்கத்தில் உள்ளதைப் பேசும்.

செயற்கை நுண்ணறிவு என்றாலே எனக்கு அதுவரை எரிச்சல்தான். "இனிமே டிசைனெல்லாம் அதுவே போட்டுருமாம்ல" என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், "அப்ப டீயையும் அதையே ஆத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் அந்தப் பெண்ணோடு பேச அதுதான் உதவியது. அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், போன் தமிழில் சொல்லும். "நல்லா இருக்கீகளா தங்கச்சி?" என்று கேட்டால் அது திருதிருவென்று விழிக்கும். "தாங்கள் நலமா?" என்று பேச்சுப்போட்டிக்குப் போனவள் மாதிரி கேட்டால்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அவளுடைய அம்மாவின் மரவள்ளி இரண்டு வருடமாக நோயில் அழிந்திருந்தது. நோய் பிடித்த செடி என்று தெரியாமல் அதன் குச்சியையே வெட்டி மறுபடி நட்டிருக்கிறார். "மழை வந்துவிட்டால் என் தாய் நட்டுவிடுவார். அதற்கு முன்பு நல்ல குச்சியை அவர் அடையாளம் காண வேண்டும்" என்றது போன், செய்தி வாசிக்கிற குரலில்.

எந்த வேலையைத் தொடங்கினாலும் பக்கத்தின் மேல் மூலையில் மங்கலான மஞ்சளில் ஒரு பிள்ளையார் சுழி போடுவது என் வழக்கம். தாளை வெட்டுகிற கோட்டுக்கு வெளியேதான் போடுவேன். அச்சாகும், பிறகு கழிவோடு வெட்டுப்பட்டுப் போய்விடும். சாமிக்குச் சாமி ஆச்சு, வாடிக்கையாளர் கண்ணிலும் படாது. இந்தப் புத்தகத்துக்கும் எல்லாப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் போட்டிருந்தேன். எல்லாம் பார்த்துச் சரி என்ற பிறகு, வயதானவர்கள் கண்ணுக்குப் படம் போதவில்லை, புத்தகத்தைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று அவள் கேட்டாள். ஆக்கினேன். வெட்டுக் கோடும் மூலைப் படங்களும் வெளியே நகர்ந்தன, பிள்ளையார் நகரவில்லை. வெள்ளைத் திரையில் வெளிர் மஞ்சள் என் கண்ணுக்குத் தெரியவும் இல்லை.

லோடு ஏற்றுவதற்கு முந்தைய நாள் காலை ஆசைக்காக ஒரு புத்தகத்தை எடுத்து, அவள் அனுப்பியிருந்த செயலியில் காட்டினேன். போன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், ஒன்றுக்கும் பேச்சில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கோழியின் தலைமேல் சுழி. பானையின் வாயில் சுழி.

மெஷின் ஓட்டுகிற தம்பியிடம் ஓடினேன். "பார்த்தேன்க்கா. பிள்ளையார் சுழிதானேன்னு விட்டுட்டேன். சாமி காரியத்துல நான் கை வைக்கலாமா?" என்றான். அவனை என்ன சொல்லித் திட்டுவது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முதலாளி தலையில் கை வைத்துவிட்டார். மறுபடி அடிக்கத் தாள் இல்லை. வந்து அடித்தாலும் கப்பல் போயிருக்கும். "பேசாம லோடை ஏத்திருவோமா? அங்கன போயி அவங்க பார்த்துக்கிடட்டும்" என்றார்.

"அந்தம்மா நோய்க் குச்சியவே மறுபடி நட்டுப்புடும் முதலாளி. நானே சொல்லிருதேன்" என்றேன்.

வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் அவளை அழைத்தேன். பிள்ளையார் சுழி என்றதை அந்தப் போன் எப்படிச் சொன்னதோ, "கடவுளின் கையெழுத்தா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். பிறகு, "புத்தகத்தை மாற்ற முடியாது, போனை மாற்றலாம். சுழியோடு இருக்கிற ஒவ்வொரு படத்தையும் வெயிலில், நிழலில், கசங்கி, அழுக்காகி என்று எடுத்து அனுப்புங்கள். எத்தனை முடியுமோ அத்தனை. நாங்கள் பழக்குகிறோம்" என்றாள்.

அன்று முழுக்க பைண்டிங் பெண்கள் எல்லோரும் போட்டோக்காரர்கள் ஆனார்கள். பட்டாசுத் திரி காயப்போடுகிற வெயிலில் கோழியை விரித்து வைத்து எடுத்தோம். வேப்பமரத்து நிழலில் எடுத்தோம். மண்ணைத் தடவி, தண்ணீர் தெளித்து, சாம்பார்க் கையால் பிடித்து எடுத்தோம். "எம்புட்டு எடுக்கணும்க்கா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, முன்பு எம். புதுப்பட்டியில் வெடிக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தவள், "அதுக்குப் புத்தி வாற வரைக்கும்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. இத்தனை பெரிய அறிவாளி என்று நான் பொறாமைப்பட்டது, கடைசியில் எங்கள் கையால் ஊட்டினால்தான் வளருமாம்.

மறுநாள் காலை லாரி வாசலில் நின்றது. புதிய செயலியை இறக்கி, கோழியைக் காட்டினேன். பேசியது. யாரோ ஒரு நடுவயதுப் பெண்ணின் குரல், எனக்கு ஒரு சொல்லும் புரியாத மொழி, மார்கழிக் குளிரில் பக்கத்து வீட்டுக்காரி எழுப்புகிற மாதிரி கனிவாக இருந்தது. பானையும் பேசியது, மண்வெட்டியும் பேசியது. நான் அழுதுவிட்டேன். முதலாளி வெளியே போய், "ஏலே, லோடை ஏத்துங்கலே!" என்று கத்தினார்.

ஒன்றரை மாதம் கழித்து, "என் தாய்" என்ற குறிப்போடு ஒரு வீடியோ வந்தது. தலையில் துணி கட்டிய ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நடுவதற்கு ஒரு குவியல், எரிப்பதற்கு ஒரு குவியல். மடியில் எங்கள் புத்தகம். வானம் கறுத்திருந்தது, மழை இன்னும் விழவில்லை.

இப்போது அடுத்த ஆர்டர் வந்திருக்கிறது. காபிச் செடிக்கு, வேறு மாவட்டம், வேறு மொழி. ஊர்ப் பேச்சைப் பதிவு செய்ய அந்தந்த ஊர்ப் பெண்களையே வேலைக்கு வைத்திருக்கிறார்களாம். கடிதத்தின் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. "அந்தச் சுழியை எடுத்துவிடாதீர்கள். இது நம் புத்தகம் என்று போன் இப்போது அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது."

பதினெட்டு வருடமாக வெட்டுக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த பிள்ளையாரை, அன்று கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தேன்.