இடுப்புவலியும் என் வீட்டுக்காரர் கையும்

இப்பல்லாம் ஆஸ்பத்திரியில பிரசவ அறைக்குள்ள புருசனையும் விடுறாங்களாம். பக்கத்து வீட்டுப் பொண்ணு அதைப் பெரிய அதிசயமா வந்து சொன்னா. அடி போடி, நாங்க வெள்ளைக்காரன் ஆண்டப்போ போட்ட அவசரகாலத்துலயே அதைப் பார்த்தாச்சு, அதுவும் துப்பாக்கி முன்னாலன்னேன். அவ நம்பல. நம்பாட்டிப் போகட்டும், எனக்கென்ன குறைஞ்சு போச்சு?

மஸ்ஜித் தானா ஊருக்குப் போற ரோட்டிலேருந்து உள்ள தள்ளி இருந்தது எங்க ரப்பர் தோட்டம். நாங்க இருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுத்தி முள்கம்பி போட்டிருந்தாங்க. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போறப்ப கேட்டுல நிப்பாட்டிச் சோதிப்பாங்க. ஒரு பிடி சோறுகூட வெளிய போகக் கூடாது. காட்டுக்குள்ள ஒளிஞ்சு சண்டை போடுற கம்யூனிஸ்டுக்காரங்களுக்குக் குடுத்துடுவோமாம். அடக் கடவுளே, எங்க வயித்துக்கே ரேஷன் அரிசிதான்!

அது எனக்கு ரெண்டாவது பிரசவம். முதல் பிள்ளை ஆம்பளைப் பிள்ளை, தங்கல. அந்தத் தடவை என்னைப் பாயில மல்லாக்கப் போட்டு, அசையாதே, சத்தம் போடாதே, லயமே சிரிக்கும்னு பொழுதுக்கும் அமுக்கி வச்சிருந்தாங்க. நான் துவண்டு போயிட்டேன், பிள்ளையும் போயிருச்சு. படுத்துக் கிடந்ததாலதான் போச்சான்னு சாமிக்குத்தான் தெரியும். ஆனா மறுபடி வயித்துல தங்கினப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்தப் பிள்ளையை உசுரோட கையில வாங்கணும். அதுக்கு என் உடம்பு என்ன கேக்குதோ அதைத்தான் செய்வேன், எவ வந்து சொன்னாலும் படுக்க மாட்டேன்.

வலி வந்த அன்னிக்குன்னு பார்த்துக் கர்ஃபியூ. விடியறப்பவே லோரியில பட்டாளம் வந்து இறங்கி, யாரும் வீட்டை விட்டு வெளிய வரக் கூடாதுன்னு ஒலிபெருக்கியில கத்திக்கிட்டுப் போனாங்க. மருத்துவச்சி இருந்தது மேட்டு லயத்துல. கூப்பிடவும் வழியில்ல, அவங்க வரவும் வழியில்ல. வீட்டுல நான், என் மாமியார், என் வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

பிள்ளை வலின்னா ஆம்பளைங்க எழுந்து போயிடணும். கோயில் பக்கமோ கள்ளுக்கடைப் பக்கமோ போய் நின்னுக்கிட்டு, தகவல் வந்தா திரும்பி வரணும். எங்க தோட்டத்துல அதுதான் முறை. அன்னிக்கு இவரு எங்க போவாரு? மாமியார் அவரை வாசல் கதவோரமா உக்கார வச்சு, இந்தப் பக்கம் திரும்பினே கண்ணு அவிஞ்சுரும்னு சொல்லிட்டு, நடுவுல ஒரு போர்வையைக் கட்டித் தொங்க விட்டாங்க.

முதல்ல சீரகத்தைக் கருக வறுத்துக் கஷாயம் வச்சுக் குடுத்தாங்க. சூட்டு வலின்னா அடங்கிரும், பிள்ளை வலின்னா கூடும். எனக்குக் கூடுச்சு. படுடின்னாங்க. மாட்டேன் அத்தைன்னேன். அடுப்படிக்கும் போர்வைக்கும் நடுவுல நடந்தேன், நடந்தேன், அப்படி நடந்தேன். நடந்தா வலி தாங்குற மாதிரி இருந்துச்சு, நின்னா கொன்னுச்சு.

லயத்து வீட்டுல நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. பக்கத்து வீட்டுல யாரு தும்மினாலும் கேக்கும். அந்த வீட்டு அக்கா வீடு நிறைய பிள்ளை பெத்தவங்க. அந்தப் பக்கத்திலேருந்து குரல் வந்துச்சு. "மூச்சை அடக்காதே தங்கச்சி! அடுப்பு ஊதுற மாதிரி ஊது! பெரியம்மா, வெந்நீர்ல துணியை முக்கி இடுப்புல ஒத்துங்க!" பெட்டி மேல ஏறி நின்னு, விளக்கெண்ணெய்யைச் சுட வச்சு ஒரு கிண்ணத்துல சுவருக்கு மேலயே நீட்டினாங்க. பட்டாளத்துக்காரன் வாசலைத்தானே அடைச்சான், கூரையை அடைக்கலையே!

ஒத்தடமும் எண்ணெய்யும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் வலி முழுக்க முதுகுக்குக் கீழ இறங்கி, எலும்பைப் பிளக்குற மாதிரி ஆயிருச்சு. அங்க அழுத்திப் பிடிச்சா மட்டும் உசுரு திரும்புச்சு. மாமியார் பிடிச்சாங்க, பாவம், அவங்க கையில சத்து இல்ல. பயம் வந்துருச்சு எனக்கு. போன தடவை மாதிரியே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தப் பிள்ளையும் போயிருமோன்னு, போர்வைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"யோவ்! வாய்யா இங்க!"

கல்யாணம் ஆன நாளிலேருந்து "இந்தாங்க"ன்னு மட்டுமே கூப்பிட்டவ நான். மாமியார், ஐயையோன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, "வரச் சொல்லுலா! பால்மரம் வெட்டுற கை, நல்லாப் பிடிக்கும்!"னு கத்தினாங்க. அவரு போர்வையை விலக்கிக்கிட்டு வந்தே விட்டாரு.

வந்தவரு பூவைத் தொடுற மாதிரி தொட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "தடவிக் குடுக்கவாய்யா கூப்பிட்டேன்? அழுத்துய்யா!" அப்புறம் பின்னால முட்டி போட்டு, உள்ளங்கை அடியை வச்சு ஒரு அழுத்து அழுத்தினாரு பாருங்க, அப்பாடா! வலி போகல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வலி ஒரு பக்கம் தள்ளுனா இவரு கை மறுபக்கம் தள்ளுச்சு, நடுவுல நான் மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்துல நான் சொல்லாமலே அவருக்குப் பிடிபட்டுப் போச்சு. வலி ஏறுறப்ப அழுத்துவாரு, இறங்குறப்ப விட்டு எண்ணெய் தேய்ப்பாரு. கையை எடுத்தீங்க, கொன்னுடுவேன்னு சொல்லி வச்சிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் உள்ள வந்தான். வீடு வீடாச் சோதனை. போர்வையைத் துப்பாக்கி முனையால ஒதுக்கினான். நான் விட்டத்துல கட்டின சேலையைப் பிடிச்சுக்கிட்டுக் குந்தி இருக்கேன், பின்னால இவரு. கையைத் தூக்குன்னு சைகை காட்டினான். சரியா எனக்கு அப்போ வலி ஏறுது. இவரு அவனை நிமிர்ந்து பார்த்தாரு, கையை எடுக்கல. மறுபடியும் கத்தினான். எடுக்கலையே! துப்பாக்கியைவிட எனக்குத்தான் அதிகம் பயந்தாருன்னு பின்னால கேலி பண்ணுவேன். உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும், அது பயம் இல்ல. நான் போட்ட சத்தத்துல அந்தச் சிப்பாய்க்குத்தான் முகம் வெளுத்துச்சு. என்னவோ முனகிட்டு, கதவை மெதுவாச் சாத்திட்டுப் போயிட்டான்.

உச்சிப் பொழுதுக்கு அப்புறம் பிறந்தா என் மக. மாமியார் ஏந்திப் பிடிச்சாங்க. வீல்னு அழுதா பாருங்க, அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் குலவை போட, அடுத்த வீட்டுல ஒருத்தி போட, வெளிய கால் வைக்க முடியாத சனம் லயம் முழுக்கக் குலவை போட்டுச்சு. நான் ராணி மாதிரி சாய்ஞ்சு கிடந்தேன். கர்ஃபியூ எடுத்தப்புறம்தான் மருத்துவச்சி ஓடி வந்து கொடியை அறுத்துக் குளிப்பாட்டினாங்க.

மறுநாள் விடியக் காலையில அவரு பெரட்டுக்குப் போனாரு. பெரட்டுன்னா கங்காணி ஆள் பிரிச்சு வேலைக்கு அனுப்புற கூட்டம். அங்க நடந்ததை அக்காதான் வேலை முடிஞ்சு வந்து, என் பாய்கிட்ட உக்காந்து சொன்னாங்க. ஆம்பளைங்க எல்லாம் சூழ்ந்துக்கிட்டு, "வாங்க மருத்துவச்சியம்மா, எங்க வீட்டுக்கும் வந்து பிடிச்சு விடுங்க"ன்னு ஒரே சிரிப்பாம். கங்காணியும் சேர்ந்து சிரிச்சாராம். இவரு தலை குனியல. வாளியைக் கீழ வச்சுட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாராம்.

"போன தடவை நானும் உங்களை மாதிரி வெளியதான் நின்னேன். குழி தோண்டத்தான் என்னைக் கூப்பிட்டாங்க."