மூலை தூக்கிய மூடி

தேங்காப்பட்டணத்துக்கு மேற்கே உள்ள கடற்கரை ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கோயிலுக்கு ஆள் ஓடும்போதே ஏசுஅடிமைக்கும் போன் வந்துவிடும். அவர் சவப்பெட்டி செய்பவர். உயரத்தையும் உடம்பு வாகையும் கேட்டுக்கொள்வார். வேறு எதுவும் கேட்க மாட்டார்.

அவருடைய அம்மா செத்தபோது அவர் சின்னப் பையன். அடைமழைக்காலம். யாரோ அவசரத்தில் பச்சை மாமரத்தை அறுத்துப் பெட்டி அடித்தார்கள். கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே மூடி முறுகி, ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டது. முன்வரிசைப் பெண்கள் எழுந்து பின்னால் நகர்ந்ததை அவர் பார்த்தார். பெரியவர் ஒருவர் வந்து மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, பூசை முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு ஏசுஅடிமை வள்ளம் கட்டும் வேலை படித்தார். வளைகுடாவில், தமாமில், சில வருடம் கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் பலகை அடித்தார். ஊர் திரும்பிப் பெட்டி செய்யத் தொடங்கியபோது அவர் தனக்குள் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. தன் மூடி எதுவும் கோயிலில் வைத்து வாய் திறக்கக்கூடாது.

அதற்காக அவர் படாத பாடு இல்லை. அறுத்துக் கொண்டுவந்த பலகையின் இரண்டு முனைகளிலும் அன்றைக்கே பெயிண்ட் பூசிவிடுவார். முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் பலகை வெடிக்கும், கோணும். பிறகு நிழலில், காற்று ஓடும் இடத்தில், பலகைக்குப் பலகை நடுவில் ஒரே கனத்தில் குச்சிகள் வைத்து அடுக்குவார். மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேர் மேலே இருக்கவேண்டும். அடுக்கின் உச்சியில், சிமெண்ட் நிறைத்த பழைய பெயிண்ட் டப்பாக்களைப் பாரமாக ஏற்றுவார். அப்படியும் ஏதாவது பலகை குழிந்துவிட்டால் குழிந்த பக்கத்தை ஈரப்புல்லின் மேல் கவிழ்த்து, முதுகை வெயிலுக்குக் காட்டிப் போடுவார். ஈரம் குடித்த பக்கம் உப்பும், காய்ந்த பக்கம் சுருங்கும், பலகை மெல்ல மட்டத்துக்கு வரும். முறுகிய பலகை என்றால் நனைத்து, எதிர்ப்பக்கமாக முறுக்கி, கிளாம்பு போட்டு விட்டுவிடுவார். பலகையின் இரு முனையிலும் குறுக்கே நேர்ச்சட்டங்கள் வைத்து, ஒரு கண்ணை மூடி, ஒன்றின் விளிம்போடு மற்றதன் விளிம்பு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போகாத பலகையை விறகுக்குத் தள்ளிவிடுவார்.

ஷைஜுவின் பெட்டி வரும்வரை இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது.

ஷைஜு கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை செய்தவன். ஆடிமாதக் கடலில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை வேறொரு படகு தூக்கியது. ஷைஜு மட்டும் அகப்படவில்லை. தேடினார்கள், பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். அவன் மனைவி லிஜா கறுப்பும் உடுத்தவில்லை, வெள்ளையும் உடுத்தவில்லை. எப்போதும்போல பூப்போட்ட நைட்டியும் மேலே ஒரு துண்டுமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் ஷைஜுவின் அம்மாவும், அண்ணன் பிபினும் பட்டறைக்கு வந்தார்கள். லிஜாவும் பின்னால் வந்து, தூணோரம் நின்றாள். நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் அடக்கம் நடத்திவிடவேண்டும் என்றான் பிபின். பெட்டிக்குள் அவனுடைய சட்டைகளை வைத்துப் புதைப்பதாகப் பங்குத்தந்தையிடம் பேசியாகிவிட்டது. அம்மா ஏசுஅடிமையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க மோனுக்கு ஒரு குழி வேணும். மெழுகுதிரி கொளுத்த எனக்கு ஒரு எடம் வேணும்."

நல்ல மரத்தில் வேண்டும் என்றாள். ஏசுஅடிமையிடம் அயினிப் பலகை இருந்தது. வள்ளம் கட்டிய காலத்தில் வாங்கி, வருடக்கணக்காக நிழலிலே கிடந்து வற்றிய மரம். இனி அது முறுகாது என்று அவர் சொன்னார். மழைக்காலமாயிற்றே என்று பிபின் இழுத்தபோது, ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால்தான் மூலை தூக்கும் என்றும், தான் கவனமாகப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். தூணோரம் நின்ற லிஜா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூடியை அவர் இரண்டு பலகையாகச் சேர்த்தார். ஒன்றின் முனையில் தெரியும் மர வளையங்கள் மேல்நோக்கி, மற்றதன் வளையங்கள் கீழ்நோக்கி. ஒன்று வளையப் பார்த்தால் மற்றது விடாது. அடியில் குறுக்குச் சட்டம் வேறு. வைத்துப் பார்த்தார். பெட்டியின் மேல் கண்ணாடி போல உட்கார்ந்தது. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது தலைமாட்டில் ஒரு மூலை தூக்கியிருந்தது.

நம்ப முடியாமல் சட்டங்களை வைத்துப் பார்த்தார். முறுக்குத்தான். எதிர்ப்பக்கம் முறுக்கிக் கிளாம்பு போட்டார். சரியாயிற்று. ஓரிரு நாளில் மறுபடியும் தூக்கியது. அதே மூலை. பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஈரம் இருந்தால் குளிர்ச்சி தெரியும். உட்புறம் அந்த மூலையில் மட்டும் சில்லென்று இருந்தது. கூரையைப் பார்த்தார், ஒழுகவில்லை. தரை காய்ந்து கிடந்தது.

அடுத்த நாள் அவர் சாப்பிடப் போன வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாதியிலேயே திரும்பிவந்தார். பட்டறைக்குள் லிஜா முழங்காலிட்டிருந்தாள். மூடியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியால் அதன் உட்புற மூலையை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பது போல இருந்தது. அவரைக் கண்டதும் அவள் ஓடவும் இல்லை, அழவும் இல்லை.

"அடக்கம் வேண்டாம்னு நான் பறஞ்சா வீட்டில ஆரும் கேக்க மாட்டினும் மாமா. மூடி சேரேல்லன்னு நீங்க பறஞ்சா கேப்பினும்."

ஏசுஅடிமை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 

"நான் ஆருகிட்டயும் பறைய மாட்டேன் மக்களே. ஆனா இனி தண்ணி தொடாண்டாம்."

அவள் தலையாட்டினாள். அந்த வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொல்லங்கோட்டுப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறுவதை ஏசுஅடிமையின் மனைவி ஜெபமணியே பார்த்தாள்.

காரணம் தெரிந்துவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. மூடியைக் காயவிட்டு, நேராக்கி, தன் வீட்டுப் பின்னறைக்குத் தூக்கிப் போனார். சிமெண்ட் தரையில் குச்சிகள் அடுக்கி, மூடியை வைத்து, நான்கு மூலையிலும் டப்பாக்களை ஏற்றிக் கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்துத் திறந்தபோது தலைமாட்டு மூலையில் இருந்த டப்பா தரையில் சரிந்து கிடந்தது. மூலை தூக்கியிருந்தது.

ஏசுஅடிமை குனிந்து உட்புறத்தைக் கன்னத்தில் வைத்தார். எலும்பு போல வற்றியிருந்தது. அறையில் ஈரவாடை இல்லை. ஜன்னல் கொக்கி போட்டபடி இருந்தது. டப்பாவைத் தூக்கி மறுபடி வைக்கப்போனவர், வைக்காமல் தரையிலேயே விட்டுவிட்டார். அந்தக் கனத்தை ஒரு பலகை தள்ளியிருக்க முடியுமா என்று யோசித்தார். தள்ளலாம், முறுகும் மரத்துக்கு வலு அதிகம். ஆனால் எந்த ஈரத்தைக் குடித்து அது முறுகியது?

மரத்துக்கு நினைவு உண்டு, சாய்ந்து வளர்ந்த மரம் அறுத்த பிறகும் சாயப் பார்க்கும் என்று தமாமில் ஒருவன் சொல்லியிருந்தான். இந்த அயினி நேராக வளர்ந்தது. அறுத்த அன்று அவர் கூடவே நின்றார். இருந்தாலும் ஒவ்வொரு காரணமாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். சேர்த்த இடத்தைப் பிரித்து மறுபடி சேர்த்தார். குறுக்குச் சட்டத்தை மாற்றினார். உள்ளும் புறமும் ஒரே அளவில் வார்னிஷ் அடித்தார், எந்தப் பக்கமும் காற்றில் உள்ள ஈரத்தைத் தனியாகக் குடித்துவிடாதபடி. மூடி நாலைந்து நாள் சொன்னபடி கேட்கும். பிறகு அதே மூலை எழும்.

ஜெபமணி அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டாள். பகலில் அவரிடம் சாவி வாங்கி அரிசி எடுக்கப் போனபோது பலகை முனகியது என்றாள். அவர் மரம் அப்படித்தான் சத்தம் போடும் என்றார். சொன்னவர் அன்று மத்தியானமே மூடியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. பிபின் பொறுமையிழந்து வந்தான். உள்ளே சட்டைகள்தானே, ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் போதும் என்றான். ஏசுஅடிமையும் அதற்கு இறங்கினார். மூடியைப் பெட்டியின் மேல் வைத்து, அழுத்தி, மூலைக்கு மூலை நீள ஸ்க்ரூவாக ஏற்றினார். பிபின் மூடியைத் தட்டிப் பார்த்தான்.

"எந்த மூல மாமா தூக்கினது?"

தலைமாட்டில் இடதுபக்கம் என்று ஏசுஅடிமை காட்டினார். பிபின் அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "அவன் இடங்கையன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. பட்டறையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. தெருவில் மீன்காரிகள் பேசிக்கொண்டு போனார்கள். ஏசுஅடிமை வேறொரு பெட்டிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். கிறீச் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார். இடது மூலை ஸ்க்ரூவின் தலை மரத்துக்கு மேலே நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் எழுந்தது. அதைச் சுற்றி மரம் நார்நாராகப் பிளந்தது. இழைப்புளியைக் கீழே வைத்தார்.  ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், மற்ற மூன்று ஸ்க்ரூக்களையும் தாமே கழற்றினார். கழற்றக் கழற்ற, மூச்சைப் பிடித்து நின்ற ஒருவரை விட்டுவிடுவது போல அவருக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் பிபினின் வீட்டுக்குப் போய், பெட்டி இப்போதைக்கு ஆகாது என்றார். வேறு யாரிடமாவது செய்துகொள்ளலாம், தடையில்லை என்றும் சொன்னார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். என்ன கண்டாளோ, வேறு யாரிடமும் போகவேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டாள். கல்லறைத் திருநாளன்று அவள் மெழுகுதிரியைக் கடல்மணலில் குத்திக் கொளுத்தினாள். காற்று அதை நிற்கவிடவில்லை.

ஏசுஅடிமை மூடியைப் பட்டறை மூலையில் சாத்திவைத்தார். ஒரு சாக்கைப் போட்டு மூடினார். வேலை நடந்தது. மற்ற மூடிகள் எல்லாம் வழக்கம்போல் மட்டமாகவே உட்கார்ந்தன. அவர் மட்டும் அந்த மூலைக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார்.

பங்குனி வெயிலில் ஒருநாள் சாக்கு வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்துப் போடப் போனவர் நின்றுவிட்டார். நேர்ச்சட்டங்களை எடுத்துவந்து வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு விளிம்பும் ஒன்றாகத் தெரிந்தன. பெட்டியின் மேல் வைத்தார். ஓர் அழுத்தமும் இல்லாமல் மூடி போய் உட்கார்ந்தது. சில நாள் காத்திருந்தார். அது அசையவில்லை. மூலை எழுந்தபோது இல்லாத ஒரு பயம் அப்போதுதான் அவருக்கு வந்தது.

லிஜா அதற்குள் ஊர் திரும்பி, தையல் மெஷின் வைத்து நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. போனார். மெஷின் முன்னால் நின்று, மூடி நேராகிவிட்டது என்று சொன்னார். லிஜா காலை மிதியிலிருந்து எடுத்தாள். ஊசியில் மாட்டியிருந்த துணியை நீவிவிட்டாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"ஆருகிட்டயும் பறையாண்டாம் மாமா. இன்னும் நேராவல்லன்னே பறயுங்க. கொஞ்ச நாளைக்கு."

அவர் அப்படியே சொன்னார். பிபின் கேட்டபோதும், பங்குத்தந்தை கேட்டபோதும், மூடி கோணல்தான் என்றார். நேராக உட்கார்ந்த ஒரு மூடியைக் கோணல் என்று சொல்வது, செய்கிற வேலைக்குத் துரோகம் போலத் தோன்றியது. ஆனாலும் சொன்னார்.

அடுத்த மழைக்கு முன்னால் லிஜா தானே பட்டறைக்கு வந்தாள். சட்டைகளைத் தேய்த்து மடித்து ஒரு பையில் வைத்திருந்தாள். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

"இனி மூடலாம் மாமா" என்றாள்.

அடக்கத்தன்று காலையில் ஏசுஅடிமை பெட்டியைத் தாமே தூக்கி வண்டியில் வைத்தார். வற்றிய அயினி, உள்ளே நாலு சட்டை. ஒருபக்கம் அவருடைய மருமகன் பிடித்தான், அவ்வளவுதான். வானம் மூடியிருந்தது, காற்று குளிர்ந்தது. பூசையில் அவர் முன்வரிசைக்குப் பின்னால் நின்று மூடியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அது அசையவில்லை.

கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கூப்பிடு தூரம்தான். பிபினும் ஷைஜுவோடு படகில் போனவர்களும் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். கோயில் வாசல் தாண்டுவதற்குள் தோள் மாற்றவேண்டி வந்தது. பாதி வழியில் இன்னும் இரண்டுபேர் ஓடிவந்து கை கொடுத்தார்கள்.  கடலில் வலை இழுக்கும் ஆண்கள் அவர்கள், அவர்களுடைய கால் மணலில் புதைந்து புதைந்து எழுந்தது. ஏசுஅடிமை பின்னால் நடந்தார். காய்ந்த மரத்தின் கனமும் ஈர மரத்தின் கனமும் அவருக்குத் தெரியும். அது இரண்டும் அல்ல.

குழியில் இறக்கிய பிறகு பிபின் மூச்சு வாங்க அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன மரம் மாமா வச்சிய?"

"அயினி."

பிபினின் வெள்ளைச் சட்டையில், பெட்டி அழுந்திய இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேர்வை என்றான். ஏசுஅடிமை ஆமாம் என்றார். லிஜா பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு பிடி மண்ணை வைத்து, குழிக்குள் மெதுவாகப் போடச் சொன்னாள்.